கட்சியைக் களைந்த நாற்காலி
(அம்பாசமுத்திரத்தில் அரசியல் அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரிட்டிஷ் அரசாங்கத்தின் அடிப்படைக் கருத்துகளை மாணவர்களுக்கு விளக்க வேண்டும் என்று அழைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது வாசலில் ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, வெள்ளைக்காரங்க போயி எவ்வளவோ காலமாச்சு. அவங்க பார்லிமென்ட் எப்படி நடக்குன்னு நாம எதுக்குப் படிக்கணும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்றைக்கு என் வேலை.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 194-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். சட்டமன்றத்துக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் என்னென்ன சிறப்புரிமைகள் உண்டு என்று சொல்கிற பிரிவு அது. 1950-ல் அது நடைமுறைக்கு வந்தபோது, சட்டமன்றம் தானே சட்டம் இயற்றி வரையறுக்கும் வரை, பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு என்ன உரிமைகள் உண்டோ அவையே நம் சபைக்கும் உண்டு என்று எழுதியிருந்தார்கள். 1978-ல் 44-வது திருத்தம் அந்த அயல்நாட்டுச் சபையின் பெயரை நீக்கியது. ஆனால் உள்ளடக்கம் அப்படியே நின்றது. அந்த உரிமைகளை முழுமையாகத் தொகுத்து ஒரு சட்டம் இயற்ற நாம் இன்னும் முன்வரவில்லை. ஆகவே சென்னையில் ஒரு பத்திரிகையாசிரியரைச் சபை சிறைக்கு அனுப்பினால், அந்த அதிகாரத்தின் வேர் லண்டனில் இருக்கிறது. நாம் அதைப் படிப்பது அதற்காகத்தான்.

கருத்துகளை வரிசையாக அடுக்கி, இலக்கணம் சொல்லி முடித்துவிடலாம். உங்கள் பாடநூலே அதைச் செய்துவிடும். நான் ஒரே ஒரு நாற்காலியை உங்கள் முன் வைக்கிறேன். அது சபாநாயகர் நாற்காலி. அதைச் சுற்றி வந்தால் பிரிட்டிஷ் அரசியலின் முக்கியமான கருத்துகள் எல்லாம் தட்டுப்பட்டுவிடும்.

நம் சட்டப்பேரவையில் உள்ள அந்த நாற்காலிக்கும் இந்த மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1962 முதல் 1967 வரை அதில் அமர்ந்திருந்த எஸ்.செல்லப்பாண்டியன் நெல்லைக்காரர். 1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் அமர்ந்த சி.பா.ஆதித்தனார், தாமிரபரணி கடலை நெருங்கும் ஸ்ரீவைகுண்டம் தொகுதியின் உறுப்பினர். 1985-ல் அமர்ந்த பி.எச்.பாண்டியன், இதோ பக்கத்துச் சேரன்மகாதேவித் தொகுதி. 2006 முதல் 2011 வரை அமர்ந்திருந்த இரா.ஆவுடையப்பன் இந்த அம்பாசமுத்திரத்தின் உறுப்பினரேதான். 2021-ல் அமர்ந்த மு.அப்பாவு ராதாபுரத்துக்காரர். பழைய நெல்லைச் சீமை மட்டும் ஐந்து பேரைத் தந்திருக்கிறது. அந்த நாற்காலியைப் பற்றிப் பேச அம்பாசமுத்திரத்துக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

மாமூல் என்னும் சொல்

முதல் கருத்து, மரபு. பிரிட்டனில் நம்முடையதைப் போல ஒரே புத்தகமாக எழுதிக் கட்டிய அரசியலமைப்புச் சட்டம் கிடையாது. 1215-ன் மாக்னா கார்ட்டா, 1689-ன் உரிமைகள் சட்டம், 1911, 1949 ஆண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்கள் என்று எழுதப்பட்டவை பல உண்டு. ஆனால் ஆட்சியின் முதுகெலும்பான விதிகள் பலவும் எழுதப்படாதவை. பிரதமர் காமன்ஸ் சபையில் பெரும்பான்மை ஆதரவு உள்ளவராக இருக்க வேண்டும் என்பது மரபு. மன்னர் அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்பது மரபு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் தர அரசி ஆன் 1708-ல் மறுத்தார். அதற்குப் பின் எந்த மன்னரும் மறுத்ததில்லை. மறுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மறுத்தால் அந்த முடியின் மரியாதை போய்விடும் என்பதை எல்லோரும் அறிவார்கள். அந்த அறிவே விதி.

எழுதாத விதி எப்படிக் கட்டுப்படுத்தும் என்று வெளியூர் மாணவர் கேட்கலாம். நதியுண்ணிக் கால்வாயிலும் கன்னடியன் கால்வாயிலும் வயல் வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். ஆற்றில் தண்ணீர் குறையும்போது முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். எந்த மடை எப்போது திறக்கும், எவர் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஊர் அறியும். அதற்குப் பெயர் மாமூல். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு லஞ்சம் என்று பொருள் வந்துவிட்டது. பாசனத்தில் அதன் பொருள் வழக்கம். தலைமடைக்காரர் நினைத்தால் ராத்திரியில் மடையைத் திறந்து தன் வயலை நிரப்பிக்கொள்ள முடியும். தடுக்கப் போலீஸ் நிற்பதில்லை. ஆனால் தண்ணீர் பகிர்கிற ஆள் தன் வயலுக்கோ தன் பங்காளி வயலுக்கோ கூடுதலாக விட்டுவிட்டார் என்று ஒரு தடவை தெரிந்தால் போதும், மறுபோகத்தில் அவர் கையில் மண்வெட்டியை ஊர் கொடுக்காது. பிரிட்டிஷ் அரசியல் மரபு என்பது இதுதான். மீறினால் நீதிமன்றம் தண்டிக்காது. நம்பிக்கை போகும், நம்பிக்கை போனால் பதவி பயனற்றுப் போகும்.

தலைவர் அல்ல, வாய்

இப்போது நாற்காலிக்கு வருவோம். நாம் சபாநாயகர் என்கிறோம். பேரவைத் தலைவர் என்கிறோம். நாயகர், தலைவர் என்ற இரண்டு சொல்லிலும் ஆளும் தொனி இருக்கிறது. ஆங்கிலப் பெயர் ஸ்பீக்கர். பேசுகிறவர் என்றுதான் பொருள். யாரிடம் பேசுகிறவர்? மன்னரிடம். சபையின் முடிவை, அது மன்னருக்குப் பிடிக்காத முடிவானாலும், நேரில் போய்ச் சொல்ல வேண்டியவர். அந்தக் காலத்தில் உயிருக்கு ஆபத்தான வேலை அது. தலை இழந்த ஸ்பீக்கர்களும் உண்டு. அதனால்தான் இன்றும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வர மறுப்பதுபோல் நடக்க, மற்ற உறுப்பினர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைக்கிறார்கள்.

1642 ஜனவரி 4. முதலாம் சார்லஸ் மன்னர் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு காமன்ஸ் சபைக்கு வந்தார். ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய வேண்டும். ஸ்பீக்கரின் நாற்காலியிலேயே போய் நின்றுகொண்டு, அவர்கள் எங்கே என்று வில்லியம் லெந்தாலைக் கேட்டார். லெந்தால் மண்டியிட்டார். இந்த இடத்தில் சபை கட்டளையிட்டால் ஒழியத் தமக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்று சொன்னார். மன்னர் வெறுங்கையோடு திரும்பினார். அந்தப் பதிலில் வீரம் இருக்கிறது. எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது பணிவு. தமக்கென்று ஒரு கண், தமக்கென்று ஒரு நாக்கு வேண்டாம் என்று துறந்தவரிடம் மன்னருக்கும் வேலை நடக்கவில்லை.

அந்தத் துறவு பின்னால் முறையாக வளர்ந்தது. ஸ்பீக்கர் ஆனவர் தன் கட்சியை விட்டு விலகுகிறார். 2019 நவம்பரில் ஸ்பீக்கரான லிண்ட்சே ஹாயில் அதுவரை தொழிற்கட்சிக்காரர். அன்றோடு எந்தக் கட்சியிலும் இல்லை. அடுத்த தேர்தலில் அவர் ஸ்பீக்கர் என்ற முறையிலேயே நிற்கிறார். பெரிய கட்சிகள் அவரை எதிர்த்து ஆள் நிறுத்துவதில்லை. சபையில் சம வாக்கு விழுந்தால் மட்டும் அவர் ஒரு வாக்குப் போடலாம். அதையும் தன் விருப்பப்படி போட முடியாது. இருப்பதை மாற்ற வேண்டுமானால் சபையின் பெரும்பான்மைதான் மாற்ற வேண்டும், ஸ்பீக்கர் மாற்றக் கூடாது. டெனிசன் என்ற 19-ம் நூற்றாண்டு ஸ்பீக்கரின் பெயரால் வழங்கும் நெறி இது. 2019 ஏப்ரல் 3 அன்று, பிரெக்ஸிட் விவாதத்தில் ஒரு திருத்தத்துக்கு 310-க்கு 310 என்று வாக்கு விழுந்தது. ஸ்பீக்கர் ஜான் பெர்கோ அந்த நெறிப்படியே எதிர்த்து வாக்களித்தார், திருத்தம் தோற்றது.

நமக்கும் இந்த நெறி அந்நியமானதல்ல. 1925-ல் மத்திய சட்டசபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரான விட்டல்பாய் பட்டேல், சுயராஜ்யக் கட்சியிலிருந்து விலகிக்கொண்டார். 1928-ல் பொதுப் பாதுகாப்பு மசோதாவுக்கு 61-க்கு 61 என்று வாக்குகள் சமமாக விழுந்தபோது, தம் வாக்கை எதிராகப் போட்டார். அடக்குமுறைச் சட்டம் ஒன்று, வெள்ளையர் கற்றுக்கொடுத்த அதே நெறியால் வெள்ளையர் சபையில் விழுந்தது. 1967-ல் மக்களவைத் தலைவரான நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸை விட்டு விலகினார். 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது, சபாநாயகராகிறவர் கட்சியை விட்டு விலகினால் பதவி போகாது என்று பத்தாவது அட்டவணையில் தனியாக ஒரு விதியே வைத்தார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. அதன் வழியே வெளியே வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வானளாவிய அதிகாரம்

அடுத்த கருத்துகள் இரண்டு: நாடாளுமன்ற இறையாண்மை, சிறப்புரிமை. பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அது இயற்றும் சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று தள்ள முடியாது. சட்ட அறிஞர் டைசி 1885-ல் இதை விரித்து எழுதினார். நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே அரசியலமைப்புச் சட்டமே மேல். நாடாளுமன்றம் உட்பட எல்லோரும் அதற்குக் கீழ். 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம்கூடத் தகர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்வில் இந்த வேறுபாட்டை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். அது உயிருள்ள மனிதர்களை எப்படித் தொட்டது என்று ஒரு நிகழ்ச்சியால் காட்டுகிறேன்.

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம் வந்தது. மேடையில் இரண்டு பேர். இவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேள்வி. ஒருவர் ஜேப்படித் திருடர் மாதிரி, மற்றவர் முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி என்று பதில். சட்டப்பேரவை சினந்தது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. ஏப்ரல் 4 அன்று அவரைச் சென்னையில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் இரண்டே நாளில் விட்டுவிட நேர்ந்தது. அவர் அத்தோடு விடவில்லை. உயர் நீதிமன்றம் போனார். 1994-ல் அவரைச் சிறைப்படுத்தியது தவறு என்று தீர்ப்பு வந்தது; இழப்பீடு ஆயிரம் ரூபாய். ஒரு பத்திரிகையாசிரியரின் மானத்துக்கு அது விலை அல்ல. சபைக்கும் எல்லை உண்டு என்பதற்கு அது ரசீது.

அன்று நாற்காலியில் இருந்தவர் நம் சேரன்மகாதேவியின் பி.எச்.பாண்டியன். சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்ற தொடர் அவரோடு சேர்ந்தே தமிழில் நிலைத்துவிட்டது. அவர் சட்டம் படித்தவர். அவர் வாதத்தில் ஆதாரமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சபைக்குள் நடப்பதை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் மரபில் ஆழ வேரூன்றிய கருத்து. 1884-ன் பிராட்லா வழக்கு அதைத்தான் சொன்னது. நம் 212-வது பிரிவிலும் அதன் சாயல் இருக்கிறது. ஆனால் அதே காமன்ஸ் சபை, 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆட்களைச் சிறைக்கு அனுப்பும் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. 1957-ல் ஜான் ஜூனர் என்ற பத்திரிகையாசிரியரைச் சபையின் முன் அழைத்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார், வீட்டுக்குப் போனார். அவர்கள் அதிகாரத்தை வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் இருக்கக் கற்றார்கள். நாம் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த அடக்கத்தை லண்டனிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். 2003 நவம்பரில் மீண்டும் ஒருமுறை, தி இந்து பத்திரிகையாளர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பேரவை 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது.

பெரும்பான்மை எங்கே எண்ணப்படும்?

இன்னொரு கருத்து, நம்பிக்கை வாக்கு. சபையின் நம்பிக்கை இருக்கும் வரை ஆட்சி. ஒரு வாக்குக் குறைந்தாலும் போக வேண்டும். 1979 மார்ச் 28 அன்று லண்டனில் கேலகன் அரசு 310-க்கு 311 என்று ஒரே வாக்கில் விழுந்தது. எண்ணிச் சொன்ன கணக்கை யாரும் சந்தேகிக்கவில்லை. எண்ணும் சபைக்குத் தலைமை தாங்கியவரை எல்லோரும் நம்பியதால்தான் அந்த ஒரு வாக்குக்கு அத்தனை கனம்.

நம் பேரவைக்கு வாருங்கள். 1972 டிசம்பரில், சபாநாயகர் கே.ஏ.மதியழகனுக்கும் ஆளுங்கட்சிக்கும் பிணக்கு முற்றியபோது, அவரும் துணைத் தலைவர் விருதுநகர் பெ.சீனிவாசனும் ஒரே நேரத்தில் சபையை நடத்தினார்கள். 1988 ஜனவரி 28 அன்று ஜானகி அம்மையாரின் அரசு நம்பிக்கை வாக்குக் கோரியது. சபைக்குள் அடிதடி. போலீஸ் உள்ளே வந்து தடியடி நடத்தியது. அந்தக் களேபரத்துக்கு நடுவில் 99-க்கு 8 என்று அரசு வென்றதாகச் சபாநாயகர் அறிவித்தார். இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது. 2017 பிப்ரவரி 18-லும் எதிர்க்கட்சியினர் வெளியேற்றப்பட்ட பின் 122-க்கு 11 என்று வாக்கு எண்ணப்பட்டது. நான் இங்கே எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. இந்த மூன்று நிகழ்ச்சிகளில் ஆண்டது ஒரே கட்சி அல்ல, சபாநாயகர்களும் வெவ்வேறு பேர். எண் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் எண்ணியவரைப் பாதிச் சபை நம்பவில்லை. நம்பாத இடத்தில் எண் வெறும் எண்தான்.

இதில் நம் சபாநாயகர்களுக்காக ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை. 1904-ல் சர்ச்சில் கட்சி மாறி எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தார்; பதவி போகவில்லை. நம் நாட்டில் தாவியவரின் பதவியைப் பறிப்பதா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சபாநாயகர். அந்த நாற்காலியைச் செய்தவர்கள் நினைத்தும் பார்க்காத சுமை இது. தன் கட்சியின் ஆட்சி நிற்பதும் விழுவதும் தன் பேனாவில் இருக்கும்போது, கட்சியிலேயே இருந்துகொண்டு நீதிபதியாகவும் இருப்பது எத்தனை பேரால் முடியும்? 2017 செப்டம்பரில் 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் ப.தனபால் தகுதி நீக்கம் செய்தார். பிப்ரவரி நம்பிக்கை வாக்கெடுப்பில் முதலமைச்சருக்கு எதிராகவே வாக்களித்த 11 பேர் மீதான மனுவுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. 18 பேர் மீதான ஆணையை உயர் நீதிமன்றம் 2018-ல் செல்லும் என்றது. சட்டப்படி அது சரி. ஆனால் ஒரே தராசில் இரண்டு வேகம் ஏன் என்று ஊர் கேட்டது. 2020-ல் மணிப்பூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே, இத்தகைய மனுக்களைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், இந்த வேலையைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து ஒரு நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் தருவதை நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று சொல்லியது.

முதலைத் தொடாதீர்கள்

சபை நடத்தும் பழக்கம் நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து தந்தது மட்டுமல்ல. இங்கிருந்து ஒரு பஸ் பயணத்தில் மானூர். அங்குள்ள கோயில் கல்வெட்டு ஒன்று, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தியது, ஊர்ச் சபையில் அமர யாருக்குத் தகுதி என்று விதிக்கிறது. எந்தக் காரியம் வந்தாலும் மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது. அது நிலப்பங்கு உடைய பிராமணர்களின் சபை. எல்லாக் குடிகளுக்கும் இடம் தந்த மக்களாட்சி அல்ல. அதைப் பொற்காலம் என்று நான் கொண்டாடவில்லை. ஆனால் சபை என்றால் கூச்சல் அல்ல, நெறி என்று இந்த மண் அன்றைக்கே அறிந்திருந்தது.

இந்த ஊருக்கே வருவோம். அம்பாசமுத்திரத்தின் பழம்பெயர் இளங்கோக்குடி. இங்குள்ள சிவன் கோயிலின் வழிபாட்டுக்காக வரகுண பாண்டியன் 290 பொற்காசுகளை இளங்கோக்குடிச் சபையார் கையில் கொடுத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. மொத்தம் 580 கலம். அந்த நெல்லைக் கொண்டு வழிபாடு நடக்க வேண்டும். முதல் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் நிபந்தனை.

மாணவச் செல்வங்களே, சபாநாயகர் நாற்காலியும் அப்படி ஒப்படைக்கப்பட்ட பொருள்தான். அதன் அதிகாரம் வட்டி; செலவழிக்கலாம். அதன் மீது எதிர்க்கட்சிக்கு உள்ள நம்பிக்கை முதல். அதில் கை வைக்கக் கூடாது. நம் பேரவையில் புதிய தலைவரை அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் இருபுறமும் அழைத்துச் சென்று நாற்காலியில் அமர்த்துகிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு குறளைச் சொல்லித்தான் அவர் அவையைத் தொடங்குகிறார். நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்த நூல் அது. சடங்கு நம்மிடம் சரியாக இருக்கிறது. சடங்கின் பொருளைச் சட்டமாக்குவதுதான் பாக்கி.

வேண்டுவன நான்கு. சபாநாயகராகிறவர் அன்றே கட்சியை விட்டு விலக வேண்டும். அவர் மறுபடி நிற்கும் தொகுதியில் மற்றக் கட்சிகள் போட்டியிடாமல் ஒதுங்க வேண்டும். கட்சித் தாவல் வழக்குகளைத் தனித் தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டும். சபையின் சிறப்புரிமைகள் இன்னின்னவை என்று எழுதிச் சட்டம் இயற்ற வேண்டும். முதல் இரண்டுக்கும் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. ஒரு மனிதர் துணிந்தால் போதும். எதிரே இருக்கும் கட்சிகள் அந்தத் துணிவை மதித்தால் போதும்.

அடுத்த முறை உங்களிடம் வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சியானாலும், இதைக் கேளுங்கள்: "உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால், சபாநாயகர் கட்சியை விட்டு விலகுவாரா?" ஐந்து சபாநாயகர்களைத் தந்த மண்ணின் பிள்ளைகள் கேட்கிறீர்கள் என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.